பத்தில் ஒரு பங்கு டி.சி.

செம்மேடு பேருந்து நிலையத்துக்கு எதிரே வேலம்மாள் ஜெராக்ஸ் கடை தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அந்த இயந்திரத்தின் கண்ணாடிமேல் படுத்து எழுந்தவை ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பட்டா, சாதிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு, மழையில் நனைந்த ஒரு கல்யாணப் பத்திரிகை. புத்தகம் என்று ஒன்று வந்ததே இல்லை. கொல்லிமலையில் புத்தகம் வாங்குகிறவர்கள் அதை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். வாங்காதவர்கள் அதை ஜெராக்ஸ் எடுக்கவும் வருவதில்லை.

ஆகவே ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், பதிப்பு நகலுரிமைக் கூட்டமைப்பின் களக் கண்காணிப்பாளர் முருகானந்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தியோடு கடந்து வந்து கடை வாசலில் நின்று, "இங்க எத்தனை எழுத்தாளர் வயித்துல அடிக்கிறீங்க?" என்று கேட்டபோது, அவர் கடை மாறி வந்துவிட்டார் என்றுதான் வேலம்மாள் நினைத்தார்.

"உக்காருங்க சார். மொதல்ல தண்ணி குடிங்க. மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்குது."

முருகானந்தம் தண்ணீர் குடித்துவிட்டு விளக்கினார். நாடெங்கும் ஜெராக்ஸ் கடைகளில் புத்தகங்கள் நகலெடுக்கப்படுகின்றன. எழுதியவர் ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்க முடியாது. அதனால் எல்லா எழுத்தாளர்கள் சார்பிலும் கூட்டமைப்பு கடைகளுக்கு ஒரே உரிமம் கொடுத்து, வருகிற கட்டணத்தை எழுத்தாளர்களுக்குப் பிரித்துத் தரும். காகிதத்தில் பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான். எழுதுகிறவன் வயிற்றுக்கும் ஏதாவது போகட்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆட்சேபணையெல்லாம் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

"நானு புஸ்தகமே எடுக்கறதில்லீங்களே," என்றார் வேலம்மாள்.

"எடுக்கலைங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"எடுக்காததுக்கு எங்கீங்க ஆதாரம் இருக்கும்?"

"பாத்தீங்களா, ஆதாரம் இல்ல. அதுக்குத்தான்மா உரிமம்."

உரிமம் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். கூடவே ஒரு பதிவேடு. மே மாதத்தின் கடைசிப் பதினைந்து நாள், கடையில் எடுக்கும் ஒவ்வொரு நகலையும் அதில் எழுத வேண்டும். நூலின் பெயர், எழுதியவர் பெயர், பக்கம், படிப்பவர் பெயர், படிக்கும் நோக்கம் என்று ஐந்து கட்டங்கள். எழுதாவிட்டால் இயந்திரத்துக்கு சீல். வேலம்மாளுக்கு இருந்த ஒரே சொத்து அந்த இயந்திரம். கணவன் போன பிறகு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது அதை வைத்துத்தான்.

முதல் நாளே சந்தேகம் வந்து முருகானந்தத்துக்குப் போன் போட்டார்.

"சார், எழுதியவர்னு போட்டிருக்குதுங்களே, அதுல யாரைப் போடறதுங்க?"

முருகானந்தம் சேலத்தில் எங்கோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "யார் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்களோ அவங்க பேரைப் போடுங்கம்மா. இதெல்லாமா கேப்பாங்க?"

வேலம்மாள் அப்படியே போட்டார். அது பரீட்சை முடிவு வந்த நேரம். பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்தில் டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நேராக இங்கே வந்தார்கள். ஐ.டி.ஐ.க்கு ஒன்று, காலேஜுக்கு இரண்டு, உதவித்தொகைக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து. சான்றிதழ் கம்ப்யூட்டரில் அச்சாகி வந்திருக்க வேண்டும். மலையில் நெட் இருந்தால்தானே? தலைமையாசிரியர் இமானுவேல் அத்தனையையும் ராத்திரி பகலாக உட்கார்ந்து தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வேலம்மாள் வரிக்கு வரி பதிவேட்டில் ஏற்றினார். நூலின் பெயர்: மாற்றுச் சான்றிதழ். எழுதியவர்: இமானுவேல். பதினைந்து நாளில் தொள்ளாயிரத்து நாற்பது முறை.

பதிவேடு தலைமையகம் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்த கணினி அந்த வட்டாரத்து எழுத்தாளர்களையெல்லாம் வரிசைப்படுத்திவிட்டு, உச்சியில் இமானுவேலை வைத்தது. இரண்டாம் இடத்தில் இருந்தவர் முப்பத்தேழு நகல். மூன்று பேர் கொண்ட வல்லுநர் குழு கூடியது. அவர்கள் அந்தப் படைப்பைப் படிக்கவில்லை. படிக்க ஒரு நகல் வேண்டும், நகலெடுக்க அனுமதி வேண்டும், அனுமதிக்கு விண்ணப்பித்து இன்னும் பதில் வரவில்லை. இருந்தாலும் அறிக்கை எழுதினார்கள். "தலைப்பே நம் காலத்து மனிதனின் நிலையின்மையைப் பேசுகிறது. மலைமக்களின் இடப்பெயர்வை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை."

ஜூன் மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் விழா நடந்தது. இமானுவேல் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி எட்டு வருடம் ஆனவர். நல்லாசிரியர் விருது மாதிரி ஏதோ என்று நினைத்து வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். கூட்டமைப்பின் மண்டல இயக்குநர் அர்த்தனாரி மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! எழுத்தாளர்களுக்காகவே வாழ்கிற அமைப்பு எங்களுடையது. எழுத்தாளர்கள் பேரால் நாங்கள் கட்டிய கட்டடம் ஆறு மாடி. எழுத்தாளர்கள் பேரால் நாங்கள் போன வெளிநாடு ஒன்பது. ஆனால் ஒரு குறை எங்களை அரித்துக்கொண்டே இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு எழுத்தாளரைக்கூட நாங்கள் நேரில் பார்த்ததில்லை. இன்று பார்த்துவிட்டோம்!"

கைதட்டல் எழுந்தது. இமானுவேல் அவர் காதருகே குனிந்தார். "சார், ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு. அது டி.சி. சார். பள்ளிக்கூடத்த விட்டுப் போற பிள்ளைகளுக்குக் குடுக்கது."

"தன்னடக்கம்!" என்று மைக்கிலேயே சொன்னார் அர்த்தனாரி. "சார், எது இலக்கியம், எது இல்லை என்று சொல்ல நாங்கள் யார்? நாங்கள் எண்ணுகிறவர்கள் மட்டும்தான்."

சால்வை போர்த்தினார்கள். சால்வை கலையாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பதினொரு பக்கப் படிவம் ஒன்றில் இமானுவேல் கையெழுத்துப் போட்டார். பெற்றுக்கொண்டதற்கான ரசீது என்று நினைத்தார். தன் எழுத்துமீது தனக்குள்ள எல்லா உரிமையையும் கூட்டமைப்பிடம் ஒப்படைக்கிறேன் என்பது அதில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. எட்டாம் பக்கத்தை மைதானத்தில் வெயிலில் நின்று யார் படிப்பார்கள்?

அடுத்த வாரம் மாவட்டத்தில் உள்ள எல்லா ஜெராக்ஸ் கடைக்கும் சுற்றறிக்கை வந்தது. சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற படைப்புகளில் முதலாவது, இமானுவேல் எழுதிய 'மாற்றுச் சான்றிதழ்'. ஒரு நபருக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நகலெடுத்துத் தரக்கூடாது. மீறினால் சீல். இப்படியொரு மேதையைக் கண்டெடுத்ததற்காக முருகானந்தத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வேலம்மாள் கடையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்காணிக்கும் பதவி.

கலைமணி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான எடப்புளி நாட்டுப் பெண். கூட வந்திருந்த அப்பா சின்னக்கண்ணு மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். நாமக்கல்லில் நர்சிங் காலேஜில் இரண்டாவது பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. முந்தின நாள்தான் டி.சி. வாங்கினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் அசலையும் ஒரு நகலையும் கொடுத்துவிட வேண்டும். தவறினால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போகும். பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தால் மூன்றே காலுக்குப் போய்விடலாம். அடுத்த பஸ் இரண்டரைக்குத்தான். அது போய்ச் சேர்வதற்குள் காலேஜ் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள்.

"ஒரு காப்பி போடுங்கக்கா," என்று நீட்டினாள்.

வேலம்மாள் காகிதத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். முருகானந்தம் எழுந்து வந்து, கையிலிருந்த ஸ்கேலால் சான்றிதழை அளந்தார்.

"இருபது வரி இருக்கு. உனக்கு ரெண்டு வரி எடுத்துக்கலாம்மா. எந்த ரெண்டு வரி வேணும்?"

கலைமணி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, ரெண்டு வரிய வெச்சிட்டு என்னுங்க பண்றது?" என்றார் சின்னக்கண்ணு.

"மீதிப் பதினெட்டு வரிக்குச் சிறப்பு அனுமதி கேட்டு எழுதலாம். இருபத்தோரு வேலை நாள்ல பதில் வரும்."

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள குடுக்கோணுமுங்க!"

"அவசரப்பட்டுப் படிச்சா இலக்கியம் மனசுல நிக்காது," என்றார் முருகானந்தம். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்.

போனில் படம் எடுத்துக்கொள்ளலாமே என்றாள் கலைமணி. "படம் புடிக்கலாம் கண்ணு. அதைப் பிரிண்டு போடறதும் இந்த மெசின்தான்," என்றார் வேலம்மாள். நாமக்கல் போகிற வழியில் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி எடுத்துக்கொள்ளலாமா? அங்கேயும் எல்லாக் கடையிலும் இதே சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது. வேலம்மாளின் விரல் பச்சைப் பட்டனுக்கு மேலே போய் நின்றது. அழுத்திவிடலாம். அழுத்தினால் இந்தப் பெண் நர்ஸ் ஆவாள், நாளைக்கு இந்தக் கடை இருக்காது. அவர் விரலை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதற்காகத் தன்மீதே அவருக்கு ஆத்திரம் வந்தது.

பள்ளிக்கூடம் பக்கம்தான். சின்னக்கண்ணு ஓடிப்போய் இமானுவேலைக் கையோடு கூட்டி வந்தார்.

"நான் எழுதினது. நான் சொல்லுதேன், போட்டுக்குடுங்க," என்றார் தலைமையாசிரியர், மூச்சிரைக்க.

முருகானந்தம் மரியாதையாக எழுந்து நின்றார். மேதைகளிடம் அவர் எப்போதுமே பணிவாக இருப்பார். "சார், எழுதினது நீங்கதான். ஆனா அது இப்ப உங்களுது இல்ல. உங்க நலனுக்காக உங்ககிட்டயிருந்தே அதைக் காப்பாத்திட்டு இருக்கோம்."

"நான் அந்தக் கூட்டமைப்பே வேண்டாம்னு விலகிக்கிடுதேன்!"

"தாராளமா. ஆறு மாசம் முன்கூட்டி எழுதிக் குடுக்கணும்."

"பிள்ளையோட வாழ்க்கை ஐயா இது!" இமானுவேலின் குரல் உடைந்தது. "அஞ்சாவதுல சேந்த நாள்லயிருந்து எனக்கு இவளத் தெரியும்."

"நாங்க மட்டும் என்ன சார், எழுத்தாளர் வாழ்க்கையத்தானே பாக்கறோம்," என்றார் முருகானந்தம், எழுத்தாளரின் முகத்தைப் பார்த்தபடியே.

மணி பதினொன்றே முக்கால். எதிரே பஸ் வந்து நின்றுவிட்டது. கலைமணி சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழாமல் இருப்பதற்கே அவளுக்குத் தெம்பு முழுவதும் செலவாகிக்கொண்டிருந்தது.

சின்னக்கண்ணுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஊரில் கோயில் கெடா வெட்டினால் கறியைக் கூறு போடுவது அவர்தான். எத்தனை வீடோ அத்தனை கூறு. தராசு கிடையாது, கண் பார்த்துப் போடுவதுதான். கூடக் குறைய வந்தது என்று இதுவரை ஒரு வீடும் புகார் சொன்னதில்லை. அந்த மனிதர் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, ஒரு ஆளுக்குப் பத்துல ஒரு கூறுங்களா?"

"ஆமா."

"அப்ப இன்னொரு ஆளு வந்தா அவருக்கும் ஒரு கூறு உண்டுங்களா?"

"உண்டு. யார் வேணும்னாலும் படிக்கலாம்."

"பத்து ஆளு வந்தா முழு கெடாவும் ஆச்சுங்களே."

முருகானந்தம் நாற்காலிக்குப் போனார். கையேட்டைப் புரட்டினார். முன்னால் இருந்து பின்னால், பின்னால் இருந்து முன்னால். பிறகு வெளியே போய், சிக்னல் கிடைக்கும் புளியமரத்தடியில் நின்று இயக்குநருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அர்த்தனாரியின் குரல் சாலைவரை கேட்டது.

"பத்துப் பேர் படிக்கிறாங்களா? ஒரே நாள்லயா? அப்போ வாசகர் எண்ணிக்கை ஒண்ணுலயிருந்து பத்தாகுதுய்யா! இதைப் போய் யாராவது தடுப்பாங்களா? ஆளாளுக்குத் தனித்தனியாப் பதிவு பண்ணு. பத்து வாசகர் பத்தாகவே கணக்குல வரணும், குறையக்கூடாது."

சின்னக்கண்ணு நடுச்சாலையில் நின்று குரல் கொடுத்தார். மிளகு மூட்டையோடு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்த பெண், டீக்கடை ராசப்பன், பஸ்ஸில் இடம் பிடித்திருந்த இரண்டு பேர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். என்ன, எதற்கு என்று விளக்க நேரமில்லை. "கலைமணிக்கு ஒரு கூறு" என்றதும் வரிசையில் நின்றார்கள்.

வேலம்மாள் சுற்றறிக்கைகளையே திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தால் மேலும் கீழும் மறைத்து, இரண்டிரண்டு வரியாக எடுக்கத் தொடங்கினார். முருகானந்தம் ஒவ்வொன்றையும் ஸ்கேலால் அளந்தார். பதிவேட்டில் ஒவ்வொருவரும் பெயர் சொல்ல வேண்டும், நோக்கம் சொல்ல வேண்டும்.

"படிக்கும் நோக்கம்?"

"கலைமணி நர்சு ஆகறதுக்குங்க," என்றார் ராசப்பன்.

"உங்க நோக்கத்தக் கேட்டேன்."

"அதானுங்க சொன்னேன்."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்த பெண்ணும். முருகானந்தம் அதையே திரும்பத் திரும்ப எழுதினார்.

ஆறாவது துண்டு பாதி வெளியே வந்தபோது கரண்ட் போனது. காகிதம் இயந்திரத்தின் வாயில் மாட்டிக்கொண்டு தொங்கியது. பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு பதினைந்து. இமானுவேல் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு இருபத்திரண்டுக்குக் கரண்ட் வந்தபோது, பஸ்ஸில் டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டுவிட்டார்.

ஏழு, எட்டு, ஒன்பது. தந்தையும் மகளும் கடைசி இரண்டு ஆள் என்று வைத்திருந்தார்கள். ஆனால் எட்டாவதாக நின்றதே சின்னக்கண்ணு, ஒன்பதாவது கலைமணி. வரிசை அங்கேயே முடிந்துவிட்டது. ஓர் ஆள் குறைந்தது. வண்டி கிளம்புகிற நேரத்தில் பஸ்ஸிலிருந்து வேறு யாரும் இறங்கவில்லை. மிச்சம் இருந்தது கடைசி இரண்டு வரி. நடத்தை நன்று என்பதும் தலைமையாசிரியரின் கையெழுத்தும்.

"நான் நிக்கேன்," என்று வந்தார் இமானுவேல்.

"எழுதினவர் வாசகர் ஆக முடியாது சார். உரிமம் வெச்சிருக்கற கடைக்காரரும் ஆக முடியாது," என்றார் முருகானந்தம்.

"நான் போட்ட கையெழுத்தய்யா அது! என் கையெழுத்த நான் பாக்கக்கூடாதா?"

"பாக்கலாம் சார். நகலெடுக்கத்தான் கூடாது."

பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. பிறகு கண்டக்டர் செல்வம் விசிலை வாயில் வைத்தபடியே கடைக்கு ஓடி வந்தார். "ஏனுங்க, பஸ்ஸுல ஏறின ரெண்டு பேரு இங்க என்ன பண்றீங்க? வண்டி எடுக்கட்டுமா, வேண்டாமா?"

வேலம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினார். "பேரைச் சொல்லு சாமி. படிக்கும் நோக்கம் கலைமணி நர்சு ஆகறதுக்குன்னு சொல்லு."

கண்டக்டர் ஒன்றும் புரியாமல் சொன்னார். பத்தாவது துண்டு வந்தது. கண்டக்டர் இல்லாமல் பஸ் போகாது என்பது மட்டும் அந்த இடத்தில் எல்லாருக்கும் புரிந்திருந்தது.

எழுபது வளைவுகளிலும் அப்பாவும் மகளும் சான்றிதழை ஒட்டிக்கொண்டே போனார்கள். சின்னக்கண்ணு துண்டுகளை வரிசை மாறாமல் விரலிடுக்கில் பிடித்துக்கொள்ள, கலைமணி பசை தடவி வெள்ளைத்தாளில் வைத்தாள். வண்டி திரும்பும்போதெல்லாம் அவள் பிறந்த தேதி தாய்மொழியின்மேல் ஏறியது. நாற்பதாவது வளைவில் தந்தை பெயர் காற்றில் பறந்து, பின் சீட்டுக்காரர் எட்டிப் பிடித்தார்.

காலேஜ் ஜன்னலில் வனிதா என்கிற கிளார்க் உட்கார்ந்திருந்தார். மணி மூன்று நாற்பது. அவர் ஒட்டுப்போட்ட தாளை வாங்கினார். விரலால் ஒவ்வொரு ஒட்டையும் தடவினார். அசலைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"என்னம்மா இது, இத்தனை ஒட்டு?"

"பத்துப் பேருங்க மேடம்."

வனிதா தலை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண்ணின் விரலெல்லாம் பசை. அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. எல்லா வரியும் இருக்கிறதா என்று இன்னொரு முறை எண்ணினார். இருந்தது. முத்திரையை எடுத்து அழுத்தமாகக் குத்தினார்.

கூட்டமைப்பின் அந்த வருட அறிக்கையில் ஒரு கவலை தெரிவிக்கப்பட்டிருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் வாசகர்கள் பெருகிவிட்டார்கள், ஆனால் எந்தப் படைப்பையும் ஒருவரும் பத்து சதவீதத்துக்கு மேல் படிப்பதில்லை. இதை ஆராய மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டுள்ளது.

செப்டம்பரில் கலைமணியின் வகுப்புக்கு உடற்கூறியல் பாடம் தொடங்கியது. நூலகத்தில் புத்தகம் ஒன்று, பெண்கள் ஐம்பது பேர். விலை யாராலும் நெருங்க முடியாத விலை. நூலகத்து ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு மேலே அதே கண்ணாடிச் சட்டம், அதே உரிமம், பக்கத்தில் அதே பதிவேடு. ஒரு நபருக்குப் பத்தில் ஒரு பங்கு. பெண்கள் அதைப் படித்துவிட்டு, கை பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒருத்தி திரும்பிப் போகவே தொடங்கிவிட்டாள்.

"போகாதீங்க," என்றாள் கலைமணி. "பத்துப் பத்துப் பேரா நில்லுங்க. ஆளுக்கு ஒரு கூறு. அஞ்சு புஸ்தகம் வரும்."

அவர்கள் நின்றார்கள். முதல் ஆளாக நின்ற பெண் பேனாவைத் திறந்து பதிவேட்டில் தன் பெயரை எழுதினாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"படிக்கும் நோக்கம்னு கேட்டிருக்கே, என்ன எழுதறது?"

"உனக்குப் பின்னாடி நிக்கறவ பேர எழுதி, அவ நர்சு ஆகறதுக்குன்னு எழுது," என்றாள் கலைமணி.